இன்னொரு பழம் எங்கே?

மணப்பாறை பேருந்து நிலையத்தில் மழை தூறிக்கொண்டிருந்த ஓர் இரவு. கடைசி டவுன் பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பேர் தூணோரம் ஒண்டிக்கொண்டு நின்றோம். இடுப்பில் கூடை வைத்திருந்த ஓர் அம்மா, பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டார்: “ஏந்தம்பி, ஒம்போதரை பஸ்ஸு வருமா, வராதா?” கடைக்காரர் வாழைப்பழத் தாரை உள்ளே இழுத்து வைத்தபடியே, குரலை நீட்டி, “வரும்... ஆனா வராது” என்றார்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். அடுத்து நாங்கள் எல்லோரும். பள்ளிச் சீருடையில் இருந்த பையன், தலையில் துண்டு போட்டிருந்த பெரியவர், கைபேசியில் மூழ்கியிருந்த இளம்பெண் என அங்கே ஒருவரை ஒருவர் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் இருக்கும் காட்சி அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. யாரும் யாருக்கும் விளக்கவில்லை. கால் மணி நேரம் பேச்சு நீண்டது. பெரியவருக்கு நாகேஷ். அம்மாவுக்குக் கவுண்டமணி, செந்தில். பையனுக்கு வடிவேலு. “அந்தக் காமெடியைச் சொல்லுங்க, இந்தக் காமெடியைச் சொல்லுங்க” என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போட, பஸ் வந்ததே தெரியாமல் போயிற்று.

அந்த வசனம் 2007-ல் வெளிவந்த ‘தொட்டால் பூ மலரும்’ படத்தில் வருவது. வடிவேலுவிடம் அதைச் சொன்ன முதியவர் என்னத்த கன்னையா. அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘என்னத்த’ என்பதும் ஒரு வசனத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான். 1967-ல் வந்த ‘நான்’ படத்தில் எதற்கெடுத்தாலும் “என்னத்தே...” என்று சலித்துக்கொள்ளும் பாத்திரம் அவருடையது. ஒரு சொல் அவருக்குப் பெயரானது. நாற்பது ஆண்டுகள் கழித்து, முதுமையில், இன்னொரு வசனம் அவரை மறுபடியும் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2012-ல் அவர் மறைந்தார். மணப்பாறையில் சிரித்த எங்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தில்தான் மனசுக்குள் தொடங்கியது.

பழமொழி இருந்த இடத்தில்

என் பாட்டி எதைச் சொன்னாலும் ஒரு பழமொழியில் முடிப்பார். என் தம்பி எதைச் சொன்னாலும் ஒரு காமெடி வசனத்தில் முடிக்கிறான். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். நீளமாக விளக்க வேண்டிய நிலைமையை ஒரே வீச்சில் சொல்லிவிடுவது, கோபமாகச் சொன்னால் சண்டையாகிவிடக்கூடியதைச் சிரிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுவது. மேலதிகாரி வீண் வேலையாக வாங்கும்போது பக்கத்து மேசைக்காரர் “எல்லாமே தேவையில்லாத ஆணிதான்” என்று முணுமுணுத்தால் போதும். அலுவலகமே மூச்சு விட்டுக்கொள்ளும்.

இந்த வசனங்கள் பிறந்தது சினிமாவில். ஆனால் இவை நம் பேச்சாக மாறியது தொலைக்காட்சியால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தியேட்டரில் ஒரு படத்தை ஒருமுறை பார்ப்போம். மிகவும் பிடித்துப்போனால் மூன்று முறை. மூன்று முறை கேட்டால் ஒரு வசனம் நினைவில் நிற்கும், நாக்கில் ஏறாது. நாக்கில் ஏற முந்நூறு முறை கேட்க வேண்டும், அதுவும் சாப்பிட்டுக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் பாதிக் கவனத்தோடு கேட்க வேண்டும். அதைச் செய்தது நம் வீட்டுக் கூடத்துப் பெட்டி.

அதற்கு முன்பும் ஒரு காலம் உண்டு. வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ என்று முழுப் படத்தின் ஒலியையும் சுருக்கித் தருவார்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஸ்பீக்கரில் கதை வசன கேசட்டுகள் ஓடும். 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமியாக நாகேஷ் புலம்பும் காட்சியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் மனப்பாடம் செய்துவிட்ட தலைமுறை ஒன்று இருந்தது. 1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் கதை சொல்ல, டி.எஸ்.பாலையா கேட்கும் காட்சி மட்டும் விதிவிலக்கு. அதைக் காதால் கேட்டுத் தீராது. நாகேஷின் குரலுக்கு பாலையாவின் முகம் தரும் பதிலில்தான் அதன் உயிர் இருக்கிறது. தொலைக்காட்சி வந்த பிறகுதான் அந்த முகம் வீடு வீடாகப் போனது.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1993 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி வந்தது. கேபிள் ஒயர் தெருவுக்குத் தெரு ஓடியது. இருபத்து நான்கு மணி நேரத்தையும் எதைக்கொண்டாவது நிரப்பியாக வேண்டிய நிலை. பாட்டுகள் இருந்தன. பாட்டுக்கு அடுத்தபடியாக, கதையிலிருந்து அலுங்காமல் கழற்றி எடுக்கக்கூடியதாகத் தமிழ் சினிமாவில் இருந்தது காமெடிதான்.

அது ஏன் அப்படிக் கழன்று வந்தது என்பதற்கு நம் சினிமாவின் வேலைமுறையே காரணம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்தே, நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதி, தனியாக எடுத்து, படத்தில் ஆங்காங்கே சேர்க்கும் வழக்கம் இங்கே உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அதற்கு ‘காமெடி ட்ராக்’ என்றே பெயர். நாயகன் ஊரின் ஒரு மூலையில் அழுதுகொண்டிருப்பான். இன்னொரு மூலையில் கவுண்டமணி சைக்கிள் கடை நடத்துவார். இரண்டுக்கும் உறவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விமர்சகர்கள் இதைக் குறையாகவே எழுதினார்கள். திரைக்கதை என்ற அளவில் அது குறைதான். ஆனால் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வளர்ந்து, உச்சம் தொட்டு, அடி விழுந்து முடியும் அந்தத் துண்டு, இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே கச்சிதமாகப் பொருந்தியது. முழுப் படத்துக்குத் தொல்லையாக இருந்த குணமே தொலைக்காட்சியில் வரமாக மாறியது.

சன் டிவியில் ‘காமெடி டைம்’ என்றொரு நிகழ்ச்சி வந்தது. சிட்டிபாபுவும் அர்ச்சனாவும் நடத்துவார்கள். நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்கள், பிடித்த காமெடியைக் கேட்பார்கள், அது ஒளிபரப்பாகும். இன்று நண்பர்கள் குழுவில் ஒருவர் ஒரு துணுக்கைப் போட, மற்றவர்கள் போட்டி போட்டு அடுத்தடுத்த துணுக்குகளைப் போடுகிறார்களே, அந்த வழக்கத்தின் தாய்வீடு அதுதான். நமக்குப் பிடித்த காட்சி, முகம் தெரியாத வேறு யாரோ ஒருவர் கேட்டு ஒளிபரப்பாகும்போது வரும் மகிழ்ச்சி தனி ரகம். ‘அட, நம்மளை மாதிரி ஒருத்தர்’ என்ற உறவு அதில் இருந்தது. பிறகு ஆதித்யா, சிரிப்பொலி என்று காமெடிக்கென்றே தனி சேனல்கள் வந்தன. எந்த நேரத்தில் போட்டாலும் யாராவது யாரிடமாவது உதை வாங்கிக்கொண்டிருப்பார்கள். நோயாளிகள் உள்ள வீடுகளில் நாள் முழுக்க அந்தச் சேனல்களே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். என் அப்பா படுக்கையில் இருந்த கடைசி இரண்டு மாதங்கள் எங்கள் வீட்டிலும் அதுதான் ஓடியது. பேச்சுக் குறைந்துபோன அவர், செந்தில் வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்பே உதட்டை அசைத்து அந்த வசனத்தைச் சொல்வார். அந்த அரை நொடிக்காகவே நாங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

ஒரு ‘ஏ’, ஒரு ‘தான்’

ஆயிரக்கணக்கான காமெடிக் காட்சிகள் வந்தன. அவற்றில் சில வசனங்கள் மட்டும் ஏன் நம்மோடு வந்துவிட்டன?

‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆல் இன் ஆல் அழகுராஜாவாக வரும் கவுண்டமணியின் கடையில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மென்டிலைச் செந்தில் நசுக்கிவிடுகிறார். அந்த நேரம் பார்த்து விளக்கு வாடகைக்குக் கேட்டு ஆள் வருகிறார். கவுண்டமணி கேட்கிறார்: “பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா?” இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ‘பெட்ரோமாக்ஸ் லைட் வேணுமா’ என்றால் அது சாதாரணக் கேள்வி. ‘லைட்தான் வேணுமா’ என்றால் கொஞ்சம் அழுத்தம். ‘லைட்டேதான்’ என்று ஏகாரமும் ‘தான்’ என்ற சொல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்காரும்போது, அந்த மனிதரின் மானம், இல்லாததை ஒத்துக்கொள்ள முடியாத தவிப்பு, கேட்டு வந்தவரை எப்படியாவது திசைதிருப்பிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. இலக்கணத்தில் தேற்றப் பொருள் என்று படித்ததை இவ்வளவு துல்லியமாக எந்த வகுப்பும் எனக்குக் காட்டியதில்லை. இன்றைக்கும் லீவு கேட்டால் “லீவேதான் வேணுமா?” என்று கேட்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். இந்த நகைச்சுவை முழுக்கத் தமிழின் இடைச்சொல்லில் இருக்கிறது. வேறு மொழிக்குக் கொண்டுபோனால் உதிர்ந்துவிடும்.

‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழத்தின் கதை வேறு. இரண்டு பழம் வாங்கி வரச் சொல்லி அனுப்புகிறார் கவுண்டமணி. வழியில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவருகிறார் செந்தில். “ஒண்ணு இந்தா இருக்கு, இன்னொண்ணு எங்க?” “அந்த இன்னொண்ணுதாண்ணே இது.” பாமர நகைச்சுவை என்று இதை ஒதுக்கியவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இது சுத்தமான தர்க்கம். கையில் இருக்கும் பழத்தை ‘ஒன்று’ என்று வைத்து எண்ணுகிறார் கவுண்டமணி. வயிற்றில் இருக்கும் பழத்தை ‘ஒன்று’ என்று வைத்து எண்ணுகிறார் செந்தில். இருவர் கணக்கும் சரி. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு. அதனால்தான் அந்தச் சண்டை முடிவதே இல்லை. எத்தனை முறை கேட்டாலும் செந்தில் பொய் சொல்லவில்லை. கவுண்டமணியின் கோபத்துக்கும் நியாயம் இருக்கிறது. செந்திலின் முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லாதது நடிப்பின் உச்சம். தான் சரியாகத்தான் சொல்கிறோம் என்று அந்தப் பாத்திரம் மனதார நம்புகிறது.

குரலில் மண் இருந்ததும் ஒரு காரணம். கவுண்டமணியின் பேச்சில் கொங்கு நாட்டு வெட்டு இருக்கும், வாக்கியம் சட்டென்று முறியும். வடிவேலு மதுரைக்காரர், இழுப்பார். சொல்லின் கடைசி உயிரெழுத்தை நீட்டி நீட்டி, அந்த நீட்டலுக்குள்ளேயே வீரம் பயமாக மாறுவதைக் காட்டிவிடுவார். ‘வின்னர்’ (2003) படத்தின் கைப்புள்ளயும், ‘தலைநகரம்’ (2006) படத்தின் நாய் சேகரும் சவடால் பேசும்போது பாதி வழியில் குரல் உள்ளே போகும். அந்த இடத்தில்தான் நாம் அவரை நம்மவராக ஏற்றுக்கொண்டோம்.

கிணற்றைக் காணோம்

2008-ல் வந்த ‘கண்ணும் கண்ணும்’ படத்தில் வடிவேலு காவல் நிலையத்துக்குப் போய், தன் கிணற்றைக் காணவில்லை என்று புகார் கொடுப்பார். கிணறு வெட்டிய ரசீதும் கையில் இருக்கும். காகிதத்தில் வெட்டிய கிணறு நிலத்தில் இருக்காது என்ற நம் ஊர் நிர்வாக உண்மையை, ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல் சொன்ன காட்சி அது. அதன் பிறகு தமிழ்நாட்டில் எந்தக் குளம் தூர்ந்தாலும், எந்தச் சாலை போட்டதாகக் கணக்கு எழுதப்பட்டாலும் மக்கள் ‘கிணத்தைக் காணோம்’ என்கிறார்கள். கிராம சபைக் கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து, “ஐயா, எங்கூர்லயும் ஒரு கெணத்தைக் காணோம்” என்று தொடங்கியதை நேரில் கேட்டிருக்கிறேன். கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரித்த பிறகு அவர்களால் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியவில்லை. மனுவாக எழுதிக் கொடுத்திருந்தால் கோப்புக்குள் போயிருக்கும்.

‘சூரியன்’ (1992) படத்தில் கவுண்டமணி சொன்ன “அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா” முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஒவ்வொரு கட்சித் தாவலின்போதும் வெளியே வருகிறது. தேர்தல் நேரத்தில் தலையங்கங்களைவிட இந்த வசனமே அதிகம் பேரைச் சென்றடைகிறது என்று சொன்னால் பத்திரிகைக்காரனான எனக்கு வருத்தமில்லை. மக்களுக்கு ஒரு கருவி கிடைத்திருக்கிறது, அதை அவர்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கருவி எவ்வளவு தூரம் பாயும் என்று 2019 மே மாதக் கடைசியில் உலகமே பார்த்தது. பொறியியல் சார்ந்த ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் இது விழுந்துவிட்டது என்று சேர்த்து எழுதினார். விஷயம் தெரியாத ஒருவர், அவர் இப்போது நலமா என்று அக்கறையோடு விசாரித்தார். அவ்வளவுதான். 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தின் வடிவேலு பாத்திரத்துக்காக லட்சக்கணக்கானோர் பிரார்த்தனை செய்யத் தொடங்கினார்கள். மருத்துவமனை அறிக்கை, பிரமுகர்களின் ஆறுதல் செய்தி என்று ஆளாளுக்குக் கற்பனையை அவிழ்த்துவிட, ‘பிரே ஃபார் நேசமணி’ என்ற ஹேஷ்டேக் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. பதினெட்டு வருடப் பழைய படம். அன்று அதைக் கொண்டாடியவர்களில் பலர், அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்கக்கூட மாட்டார்கள். அவர்களுக்கு நேசமணியை அறிமுகப்படுத்தியது தியேட்டர் அல்ல, மத்தியான வேளையில் ஓடிய காமெடி சேனல்.

அப்போது வடிவேலு ஏறத்தாழ சினிமாவிலேயே இல்லை. 2011-க்குப் பிறகு அதுவரை அவர் நடித்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்தன. திரையில் இல்லாத ஒரு நடிகர் பத்து ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார். அவரது முகம் இல்லாமல் ஒரு மீம் கூட உருவாகவில்லை என்று சொல்லும் அளவுக்கு இருந்தார். தன் வேலையைத் தானே தேடிச் செய்துகொண்டு, நடிகர் இல்லாத இடத்திலும் நடிப்பு வாழ்ந்தது. 2023-ல் ‘மாமன்னன்’ வந்தபோது அவரை யாரும் புதிதாக வரவேற்க வேண்டியிருக்கவில்லை. அவர் எங்கேயும் போயிருக்கவில்லை.

வசனங்களிலிருந்து படத் தலைப்புகளும் பிறந்தன. ‘நானும் ரௌடிதான்’, ‘நாய் சேகர்’, ‘ஆல் இன் ஆல் அழகுராஜா’ எல்லாம் அப்படி வந்தவை. அவற்றில் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ (2013) எனக்குத் தனியாகப் பிடிக்கும். கைப்புள்ள நடத்திய சங்கத்தின் பெயரில் வந்த படத்துக்கு, விஜய் டிவியின் ‘கலக்கப் போவது யாரு’ மேடையிலிருந்து வந்த சிவகார்த்திகேயன் நாயகன். காமெடி பார்த்து வளர்ந்த பையன் காமெடியின் பெயரிலேயே நாயகனாகிவிட்டான்.

டிவியே பெற்ற பிள்ளைகள்

சினிமாவிலிருந்து எடுத்ததை மட்டும் சொன்னால் தொலைக்காட்சிக்கு அநியாயம் செய்தவனாவேன். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே பெயர் வைத்து நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’, நடுத்தரக் குடும்பத்தின் சின்னச் சின்னப் பூசல்களை அவ்வளவு இதமாகச் சொன்னது. ‘சின்னப் பாப்பா பெரிய பாப்பா’வில் எம்.எஸ்.பாஸ்கர் செய்த பட்டாபியை யார் மறப்பார்? எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு இன்னமும் அதுதான் பட்டப்பெயர். ‘பார்க்கிங்’ படத்துக்காக அவருக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, “நம்ம பட்டாபிக்கு அவார்டு” என்றுதான் என் அத்தை சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலே ‘லொள்ளு சபா’. 2000-களின் முற்பகுதியில் ராம்பாலா இயக்கத்தில் விஜய் டிவியில் வந்த அந்த நிகழ்ச்சி, தமிழ்ப் படங்களை எடுத்துவைத்து, காட்சி காட்சியாகக் கலாய்த்தது. சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா, சேஷு என ஒரு குழு. செட்டுக்குச் செலவழிக்கப் பணமில்லை என்பது திரையிலேயே தெரியும். அந்த ஏழ்மையையும் நகைச்சுவையாக மாற்றினார்கள். நாம் பயபக்தியோடு பார்த்த பன்ச் வசனத்தை ஒரு நடிகர் பேசி முடித்ததும், பக்கத்தில் நிற்பவர் நிதானமாக, நாம் மனசுக்குள் கேட்ட கேள்வியை வாய்விட்டுக் கேட்பார். நட்சத்திரத்தைக் கேள்வி கேட்கலாம் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குழு. சந்தானம் 2004-ல் ‘மன்மதன்’ வழியாக சினிமாவுக்குப் போனார். யோகி பாபுவும் அந்தக் கூட்டத்தில் சின்னச் சின்ன வேடங்களில் நின்றவர். சேஷு 2024 மார்ச்சில் காலமானபோது, அன்று இரவு முழுக்க என் கைபேசியில் வந்தவை இரங்கல் வாசகங்கள் அல்ல, அவர் நடித்த துண்டுக் காட்சிகள். ஒரு நகைச்சுவைக் கலைஞனுக்கு அதைவிட மேலான அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

விட்டுவிட வேண்டியவை

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் வகுப்பில் கறுப்பான, பல் கொஞ்சம் எடுப்பான ஒரு பையன் இருந்தான். ஐந்து வருடமும் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. டிவி காமெடியில் வந்த வசவுகள்தான் அவனுக்குப் பெயர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இருபது வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நன்றாகப் பேசினான். பழைய பெயரில் யாரோ கூப்பிட்டபோது மட்டும் அவன் முகம் ஒரு கணம் அணைந்தது. அந்த முகம் என்னை விடவில்லை.

நிறம், குள்ளம், வழுக்கை, திக்குவாய், திருநங்கையர், மனைவி, மாமியார் என்று நம் காமெடி அடித்த இடங்கள் பல. ‘கரகாட்டக்காரன்’ படத்தில் வரும் ‘சொப்பனசுந்தரியை இப்ப யாரு வச்சிருக்கா’ என்பதை நானும் சிரித்துக்கொண்டே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணைக் காரோடு சேர்த்து எண்ணும் வசனம் அது என்று என் மகள் கேட்ட பிறகுதான் உறைத்தது. அதே கரகாட்டக்காரனில்தான் வாழைப்பழமும் இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட நமக்கு உரிமை உண்டு. வடிவேலுவின் வசனங்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அதிகம் புழங்க இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய சிறந்த காட்சிகளில் அடி வாங்குவது அவர்தான், சிரிப்புக்கு ஆளாவது அவருடைய சவடால்தான்.

அவரைச் சுற்றி நின்றவர்களையும் சொல்ல வேண்டும். “போலீஸ் அடிச்சுக்கூடக் கேப்பாங்க, அப்பவும் சொல்லிடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடிய போண்டா மணி, இலங்கையிலிருந்து வந்த கலைஞர். 2023 டிசம்பரில் இறந்தார். அல்வா வாசு 2017-ல் போய்விட்டார். ஒரு காட்சி நிற்பதற்கு இப்படி நான்கு பேர் சரியான நொடியில் சரியான முகத்தோடு நிற்க வேண்டும்.

எழுதிய கை

2019 ஜூன் 10 அன்று கிரேஸி மோகன் மறைந்தார். நேசமணிக்கான பிரார்த்தனை ஓய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்று தமிழர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். அவர் எழுதியவற்றை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் சாம்பாருக்குள் மீன் விழுந்தது, ‘பஞ்சதந்திரம்’ படத்தில் ‘முன்னாடி, பின்னாடி’ குழப்பம், ‘அவ்வை சண்முகி’, ‘வசூல்ராஜா’ என்று விடிய விடியப் போய்க்கொண்டிருந்தது. நடித்தது கமல்ஹாசனும் மற்றவர்களும். எழுதியது இவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, எஸ்.வி.சேகருக்காக எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டவர். மேடையில் சொந்தக் குழு வைத்திருந்ததால், எழுத்தாளர் என்ற முகம் அவருக்குக் கிடைத்தது.

மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. தொலைக்காட்சி காமெடியை வெட்டி எடுத்தபோது, படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலும் சேர்ந்து வெட்டுப்பட்டது. திரையின் மூலையில் படத்தின் பெயர் வரும். நடிகரை முகமே சொல்லிவிடும். எழுதியவர் எங்குமே இல்லை. யூடியூபில் ஏற்றியவர்கள் அந்த மூலையில் இருந்த படப் பெயரையும் மறைத்துத் தங்கள் சேனலின் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். மீமில் அதுவும் போயிற்று. ‘காதலிக்க நேரமில்லை’ காமெடியில் இயக்குநர் ஸ்ரீதருக்குத் துணை நின்ற சித்ராலயா கோபுவின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

இதை வாசிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை குடும்பக் குழுவில் ஒரு காமெடித் துண்டை அனுப்பும்போது, அதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: என்ன படம், எந்த வருடம், எழுதியவர் யார். பெயர் தெரியாவிட்டால் முழுப் படத்தையும் போட்டு, முதல் இரண்டு நிமிடங்களைப் பாருங்கள். எழுத்து ஓடும்போது நிறுத்திப் படியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள். காமெடி சேனல் நடத்துபவர்களும் படத்தின் பெயரோடு எழுதியவர் பெயரையும் மூலையில் போடலாம். அதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை.

நானே தொடங்கிவைக்கிறேன். 1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில், கவுண்டமணியும் செந்திலும் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்த வாழைப்பழக் காட்சியை எழுதியவர், தானும் ஒரு நகைச்சுவை நடிகரான ஏ.வீரப்பன்.